லெவலுக்குச் சொன்ன வரி

மார்ச் 3

தம்பிக்கு,

மேலே ‘அன்புள்ள’ போடவில்லை. மறந்து போகவில்லை, வேண்டுமென்றேதான் போடவில்லை.

உன் விலாசத்தை உன் பழைய கூட்டாளி மைக்செட்காரனிடம் கேட்டு வாங்கினேன். ‘அவன்கிட்ட போனே இல்லக்கா, லெட்டர்தான் போடணும்’ என்றான். இந்தக் காலத்தில் போன் இல்லாத மனிதன் நீ ஒருத்தனாகத்தான் இருப்பாய். போனில் ரம்மி ஆடியே குடும்பத்தைக் குழியில் தள்ளியவனுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்துக்கொண்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று பைனான்ஸ்காரர் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உன் கடனுக்காக என் வீட்டுக்காரர் அடமானம் வைத்த வீட்டுப் பத்திரத்துக்குக் கெடு ஆகஸ்ட் முடியும்வரைக்கும்தான். அதற்குள் கட்டாவிட்டால் வீடு அவர் கைக்குப் போய்விடும்.

உன் மாமாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் கடனில் பாதியை அடைக்கத் தன் கண்ணாடிக் கடையை விற்றார். நேற்றுவரை முதலாளி, இன்றைக்கு அடுத்தவன் கடையில் கூலிக்குக் கண்ணாடி அறுக்கிறார். உன் பேரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். ‘அவன் இந்தப் படி ஏறக்கூடாது’ என்று அன்றைக்குச் சொன்னதோடு சரி.

உன்னால் என்ன முடியும் என்று எழுது. முடியாது என்றாலும் அதையாவது எழுது.

அக்கா

&nbsp;

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் போட்டுவிட்டேன். நீயும் போட வேண்டும் என்று இல்லை.

போன் இல்லாததற்கும் புத்திக்கும் சம்பந்தம் இல்லை. குடிகாரன் சாராயக்கடை இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டு போவான் இல்லையா, அதுதான். கையில் இருந்தால் ஆடிவிடுவேன், அதனால் விற்றுவிட்டேன். வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் கீழே இஸ்திரி போடுகிறவரின் போனுக்குப் பேசுவார்கள். அவர் படியேறி வந்து கதவைத் தட்டி, ‘பெரிய மனுஷருக்கு போன்’ என்பார்.

வேலை டப்பிங். விளம்பர வண்டியில் மைக்கைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்த தொண்டைக்கு வேறு என்ன கிடைக்கும்? ஒரு வெளிநாட்டு அனிமே தொடருக்கு, கார்ட்டூன் மாதிரிதான், தமிழில் பேசுகிறோம். கடனில் மூழ்கியவர்களை ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் அடைத்துச் சூதாட வைக்கிறார்கள். ஜெயித்தவன் ஒரு மாடி மேலே போவான். தோற்றவன் லிஃப்டில் ஒரு மாடி இறங்குவான். மொட்டை மாடிக்குப் போய்விட்டால் கடன் தள்ளுபடி. அடித்தளத்துக்குப் போனவன் என்ன ஆனான் என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் என்னைத் தோற்றவர்கள் கூட்டத்தில் கத்தத்தான் கூப்பிட்டார்கள். கதையின் நடு ஆள் நீலச்சட்டைக்காரன் ஒருத்தன். அவனுக்குப் பேச வந்த நடிகர் அழுது தள்ளிவிட்டார். டைரக்டர் மேடத்துக்குப் பிடிக்கவில்லை. ‘எல்லாம் போனவன் இப்படி அழ மாட்டான். யாராவது சும்மா வாசிங்க’ என்றார். நான் வாசித்தேன். வேலை எனக்கு வந்துவிட்டது.

எல்லாரும் பாராட்டினார்கள். எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, நம்முடையதா இல்லையா என்று, அப்படி இருக்கிறது, உடம்பு முழுக்க. வீட்டை விட்டு வந்ததிலிருந்தே அப்படித்தான்.

மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி, தெரியும்.

மாமா சொன்னதை நான் மறக்கவில்லை. வர மாட்டேன். ஆனால் அக்கா, ‘வா’ என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே வண்டி ஏறிவிடுவேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவரிடம் இதைச் சொல்லாதே.

தம்பி

&nbsp;

ஏப்ரல் 9

தம்பிக்கு,

பணம் வந்தது. பைனான்ஸ்காரர் வாங்கி மேசைக்குள் போட்டுக்கொண்டு, ‘வட்டிக்குச் சரியாப் போச்சும்மா’ என்றார்.

போன வாரம் வீட்டில் ஒரு கூத்து. உன் மருமகள் வாயாடி இருக்கிறாளே, பத்தாம் வகுப்புப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேலை செய்கிற தையல் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று உன் குரல். நான் வாசலைப் பார்த்தேன். சத்தியமாக வாசலைத்தான் பார்த்தேன். கையில் ஊசி குத்தியதுகூடத் தெரியவில்லை. ‘அம்மா, அங்க இல்ல, இங்க’ என்று டிவியைக் காட்டினாள். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நீலச்சட்டைக்காரன் கையை நீட்டி, ‘இன்னும் ஒரே ஒரு ஆட்டம்’ என்று கெஞ்சுகிறான். இதையே நீ எங்கள் அடுப்படியில் நின்று என்னிடம் கேட்டிருக்கிறாய், என் வளையலுக்காக. ஒரு சொல் மாறவில்லை. ஊர் உன்னை நல்ல நடிகன் என்று சொல்லும். சொல்லட்டும். எனக்குத் தெரியும், அது நடிப்பு இல்லை.

உன் மாமா அப்போது பக்கத்து அறையில் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நகவெட்டிச் சத்தம் நின்றுபோயிற்று. தொடர் முடிகிற வரைக்கும் அந்த அறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மறுநாளும் சரியாக அந்த நேரத்துக்கு நகம் வெட்ட உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். ஒரு மனிதனுக்கு எத்தனை நகம்தான் இருக்கும்?

நேற்று வாயாடியிடம், ‘அந்த நீலச்சட்டை கடைசியில ஜெயிக்கிறானா?’ என்று கேட்டாராம். அவளுக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்டு எழுதச் சொன்னாள். கேட்டது அவள்தான், அவர் இல்லை. அப்படியே வைத்துக்கொள்.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தொடரின் முடிவு எங்களுக்கும் தெரியாது. அன்றன்றைக்குப் பேச வேண்டிய காகிதத்தை மட்டும்தான் கையில் தருவார்கள். ஆனால் மாமா ஒன்று கேட்டிருக்கிறார். என்னைப் பற்றிக் கேட்கவில்லை, நீலச்சட்டையைப் பற்றித்தான். எதுவானால் என்ன? ஜெயிக்கிறான் என்று சொல். மொட்டை மாடிக்குப் போய் நிற்கிறான், நல்ல வெயில் அடிக்கிறது என்று சொல்.

இன்னொன்று. ரம்மி கம்பெனிக்காரர்கள் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார்கள். தொடரின் இடைவேளையில் அவர்களுடைய விளம்பரம் ஓடப் போகிறது. அதற்கு நீலச்சட்டையின் குரல்தான் வேண்டுமாம். ஒரே வரிதான். ‘ஒரே ஒரு ஆட்டம்தானே, வாங்க.’ அதற்கு அவர்கள் சொல்கிற தொகையில் பத்திரத்தை மீட்டுவிடலாம். குறையவும் குறையாது, மிஞ்சவும் மிஞ்சாது.

நான் எந்த ஆட்டத்தில் எல்லாவற்றையும் தொலைத்தேனோ, அதே கம்பெனி. நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. வந்தவர் மரியாதையான ஆள், எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

என்னிடம் எடுத்ததைத்தானே திருப்பித் தருகிறார்கள் என்று ஒரு மனசு சொல்கிறது. இன்னொரு மனசு எதிர்த்து ஏதாவது சொல்லும் என்று காத்திருக்கிறேன், ஒன்றும் சொல்லவில்லை. அதனால் உன்னிடம் கேட்கிறேன். நீ சொல்வதைச் செய்கிறேன்.

தம்பி

&nbsp;

ஏப்ரல் 29

தம்பிக்கு,

செய்.

உன் மாமாவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார், பிறகு எனக்கு வழி இருக்காது. வெட்கம் பார்த்தால் வீடு போய்விடும்.

யாரோ ஒருத்தன் உன் குரலைக் கேட்டுவிட்டு ஆடுவான், அவன் வீட்டிலும் ஒரு அக்காவோ பெண்டாட்டியோ இருப்பாள் என்பது எனக்குத் தெரியாதா? கம்பெனியில் சாப்பாட்டு வேளை முழுக்க அதைத்தான் யோசித்தேன். கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை அப்படியே திருப்பிக்கொண்டு வந்தேன். ஆனால் அவளுக்காக வருத்தப்பட எனக்கு இப்போது தெம்பு இல்லை. என் வீடு, என் பெண், என் வாசல், அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது. பாவம் என்று ஒன்று வந்தால் என் தலையில் வரட்டும்.

நீலச்சட்டை ஜெயிக்கிறான் என்று வாயாடி அவரிடம் சொல்லிவிட்டாள். ‘பார்த்தியா, நான் நெனச்சேன்’ என்றாராம்.

அக்கா

&nbsp;

மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

முடிந்தது. பணத்தை நேராக உன் பேரில் போடச் சொல்லிவிட்டேன். என் கைக்கு வர வேண்டாம். மறுநாளே பத்திரத்தை மீட்டுவிடு, வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதே.

எப்படிப் பேசினேன் என்று சொல்கிறேன், நீ கேட்காவிட்டாலும். ரெக்கார்டிங்குக்கு முன்னால் லெவல் பார்ப்பார்கள். குரல் மைக்கில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிற வேலை. ஒரு தடவை சும்மா வாயைத் திறந்தால் போதும். சில பேர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். நான் அந்த வரியையே சொன்னேன். ஆடுகிற காலத்தில் போனைக் கையில் எடுக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், மெதுவாக, சமாதானமாக. அந்த மாதிரி வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் நிஜமான டேக். சிரித்துக்கொண்டே சொல்லச் சொன்னார்கள். உதடு சிரித்தால் குரலும் சிரிக்கும், எங்கள் தொழிலில் இது எல்லாருக்கும் தெரியும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னேன். கம்பெனிக்காரர் முகத்தில் திருப்தி இல்லை. கடைசியில், ‘முதல்ல லெவலுக்குச் சொன்னாரே, அது இருக்கா? அதைப் போடுங்க. நம்ம வீட்டு ஆள் பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருந்துச்சு’ என்றார். அது பதிவாகியிருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்து டீ குடித்தேன். டீக்காரர் சர்க்கரை போட மறந்திருக்கிறார். குடித்து முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தம்பி

&nbsp;

ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

போட்டுவிட்டேன், பார்த்தாயா?

பத்திரம் வந்துவிட்டது. அலமாரியில் என் துணிகளுக்கு அடியில் உறையோடு இருக்கிறது. முதல் நாள் போகிற போதும் வருகிற போதும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வாயாடி, ‘அதுக்குத் தாலாட்டுப் பாடுறதுதான் பாக்கி’ என்று கிண்டல் பண்ணுகிறாள்.

பணம் எங்கிருந்து வந்தது என்று மாமாவிடம் சொல்லித்தானே ஆக வேண்டும், சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அன்றைக்கு விளம்பரம் வந்தபோது எழுந்து அறை வாசலில் வந்து நின்றார். ‘இவன் என்ன, நேர்ல பேசுற மாதிரியே பேசுறான்’ என்றார். இத்தனை நாளும் நீ ‘அவன்’. அன்றைக்கு ‘இவன்’ என்றார்.

‘வா’ என்று இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆக்கப் பொறுத்தோம், ஆறவும் பொறுப்போம்.

அவர் முகம் இப்போது கொஞ்சம் தெளிந்திருக்கிறது. தவணையில் ஒரு நல்ல போன் வாங்கியிருக்கிறார். கண்ணாடி அளவெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறதாம். நேற்று துணி எடுக்க மாடிக்குப் போனேன், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. சத்தம் போடாமல் இறங்கி வந்துவிட்டேன்.

அக்கா

&nbsp;

ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

கடைசிப் பகுதியைப் பேசி முடித்தோம். நீலச்சட்டைக்காரன் மொட்டை மாடிக்குப் போகிறான். வெயில் அடிக்கிறது. அதுவரைக்கும் நான் சொன்னது சரி. பிறகு பின்னால் லிஃப்டின் கதவு திறக்கிறது. அவன் திரும்பிப் பார்க்கிறான். போய் ஏறிக்கொள்கிறான். யாரும் தள்ளவில்லை, அவனே பொத்தானை அழுத்துகிறான். ‘போனதை மட்டும் எடுத்துட்டு வந்துடறேன்’ என்பதுதான் அவனுடைய கடைசி வசனம். ஒரே டேக்கில் சரியாக வந்துவிட்டது என்று டைரக்டர் மேடம் கை கொடுத்தார்.

அப்போது மாமாவுக்கு நான் சொன்னது பொய்யாகிவிட்டது. டிவியில் வருவதற்கு முன்னால் நீயே அவரிடம் சொல்லிவிடு. தெரியாமல் சொன்னேன். அவர் கேட்டதே போதும் என்று இருந்தது எனக்கு.

பிறகு ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. மாமா மாடியில் நின்று சிரித்தார் என்று எழுதியிருந்தாய். போனைப் பார்த்தா சிரித்தார்? போனைக் கீழே வைக்கும்போது கவிழ்த்து வைக்கிறாரா? குளிக்கப் போகும்போது எடுத்துக்கொண்டு போகிறாரா? நீ கூப்பிட்டால் முதல் தடவையிலேயே காதில் விழுகிறதா? சில நாள் காரணமே இல்லாமல் உங்களுக்கு ஏதாவது வாங்கி வருகிறாரா?

ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அலமாரியை ஒருமுறை திறந்து பார். உறையைத் தொட்டுப் பார்த்தால் போதாது, பிரித்துப் பார்.

தம்பி

&nbsp;

ஜூலை 19

தம்பி,

இஸ்திரிக்காரர் போனுக்குப் பேசியிருக்கலாம். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உறை இருந்த இடத்தில் இருக்கிறது. உள்ளே பத்திரம் இல்லை. உன் மாமா கண்ணாடிக் கடை விலைப்பட்டியலை மடித்து வைத்திருக்கிறார், தொட்டால் கனமாக இருக்கட்டும் என்று. நான் தொட்டுத்தான் பார்ப்பேன் என்று என்னோடு குடும்பம் நடத்தியவருக்குத் தெரியாதா?

பைனான்ஸ்காரரிடம் போனேன். நாற்காலி போட்டார். ‘ஒரே வீட்டுல மாத்தி மாத்தி வர்றீங்கம்மா’ என்றார். அதே பத்திரம், அதே மேசை. மறுபடி வட்டி ஓடுகிறது. அவர் அடமானம் வைத்து வாங்கிய பணம் எல்லாம் ஆட்டத்தில் போயிருக்கிறது. நீ கேட்டாயே, போன வாரம் வாயாடிக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்தார். எனக்கு ஒரு குடை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். மறைக்கவில்லை. ‘கடையை மட்டும் திரும்ப வாங்கிட்டு நிறுத்திடலாம்னு பார்த்தேன்’ என்றார்.

‘உங்களுக்கு எங்கிருந்துங்க இந்தப் புத்தி வந்துச்சு?’ என்றேன்.

‘உன் தம்பிதானே கூப்பிட்டான்.’

‘அது விளம்பரத்துக்குச் சொன்னதுங்க. காசுக்குச் சொன்னது.’

‘இல்ல. அவன் பொய் சொன்னா எனக்குத் தெரியும். எத்தனை பொய் கேட்டிருக்கேன். அது பொய் இல்ல.’

லெவலுக்குச் சொன்னது என்று எழுதியிருந்தாயே, அது நினைவுக்கு வந்தது. அவரிடம் அதை எப்படி விளக்குவது?

செய் என்று எழுதியது நான்தான். பாவம் என் தலையில் வரட்டும் என்று எழுதியதும் நான்தான். இவ்வளவு சீக்கிரம் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. அழுகை வரவில்லை. காலையில் எழுந்து கம்பெனிக்குப் போனேன், சட்டைகளை எண்ணி வாங்கினேன், வந்தேன். உனக்குப் போட்ட அந்தப் பல் டாக்டர் ஊசியை எனக்கும் போட்டுவிட்டார்கள் போல.

நீலச்சட்டை திரும்பக் கீழே போகிறான் என்று அவரிடம் சொன்னேன். ‘போகட்டும், அவன் ஏறத் தெரிஞ்சவன்’ என்கிறார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ காத்துக்கொண்டிருந்தது வந்துவிட்டது. இன்று காலை அவரே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். ‘அவன வரச் சொல்லு. எனக்குப் பழக்கம் இல்ல, அதான் போகுது. அவனுக்கு ஆடத் தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்தா எடுத்துடலாம்.’ சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. உனக்குத் தனியாக ஒரு பாய் எடுத்து வைக்கவும் சொன்னார்.

அவர் சொன்னதைச் சொல்லிவிட்டேன். வா என்றோ வராதே என்றோ எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா

&nbsp;

ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

வருகிறேன். வருகிறேன் என்று மட்டும் மாமாவிடம் சொல். எதற்கு என்று சொல்லாதே.

விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி ஸ்டுடியோவுக்குப் போனேன். கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அடுத்த விளம்பரத்துக்கும் என் குரல் வேண்டுமாம், மறுபடி பத்திரத்தை மீட்கிற அளவுக்குத் தருகிறார்களாம். முடியாது என்றேன். உன்னைக் கேட்கவில்லை. உன்னைக் கேட்டால் நீ என்ன சொல்வாயோ என்று பயமாக இருந்தது. வீடு போனாலும் போகும் அக்கா, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வருகிற வரைக்கும் அவரைத் திட்டாதே. சத்தியம் வாங்காதே. நான் உனக்கு எத்தனை சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், அதெல்லாம் என்ன ஆயிற்று? அவருடைய சம்பளத்தை நீயே கடைக்குப் போய் வாங்கிக்கொள். நேரத்துக்குச் சாப்பாடு போடு. பக்கத்தில் உட்காரு. ஒன்றும் பேச வேண்டாம்.

அவர் என்னைப் பார்த்ததும், ‘ஆரம்பிக்கலாமா?’ என்று கேட்பார். அதற்கு என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியவில்லை. இத்தனை நாளும் யாராவது எழுதிக் கொடுத்ததைத்தான் பேசியிருக்கிறேன். பேச வராவிட்டால் சும்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் எழுந்தால் நானும் எழுந்திருப்பேன். அவர் எடுத்து வைக்கச் சொன்ன பாயை அவர் கட்டில் பக்கத்திலேயே போட்டு வை.

நான் வருவதற்குள் அந்தப் போனை எங்கேயாவது ஒளித்து வைத்துவிடு. எங்கே வைத்தாய் என்று மாமாவிடம் சொல்லாதே. நான் கேட்டாலும் சொல்லாதே.

தம்பி